பீங்கான் நண்டா என்று கால்களை எண்ணிப் பாருங்கள்

பாறையோரச் சிறு நண்டுகளைப் பற்றிய கட்டுரை அருமை. ஒரு திருத்தம்: பீங்கான் நண்டை மெய்நண்டுகளோடு சேர்த்திருக்கிறீர்கள். அது சங்குக்குள் வாழும் துறவி நண்டுகளுக்கே நெருங்கிய உறவு. எண்ணிப் பார்த்தால் தெரியும். மெய்நண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொடுக்கு போக 4 ஜோடி நடைகால்கள். பீங்கான் நண்டில் வெளியே தெரிவது 3 ஜோடிதான்; கடைசி ஜோடி மெலிந்து, உடலோடு மடிந்து கிடக்கும். உடலைத் துடைத்துச் சுத்தம் செய்வது அதன் வேலை. உணர்கொம்புகளும் நீளமானவை, கண்ணுக்கு வெளிப்பக்கத்திலிருந்து கிளம்பும்.

அகன்ற கொடுக்கைப் பார்த்து வேட்டையாடி என்று நினைத்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் சண்டைக்கும் இடம் பிடிக்கவும்தான். உணவு, வாயருகே உள்ள மயிரடர்ந்த உறுப்புகளை வலைபோல விரித்து நீரில் மிதக்கும் துகள்களை அரித்து எடுப்பதில் கிடைக்கிறது. கொடுக்கைப் பிடித்துத் தூக்காதீர்கள். கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். அடுத்தடுத்த ஓடுரிப்புகளில்தான் அது மீண்டும் வளரும், முதலில் சிறிதாகவே இருக்கும். ஒரு கிண்ணத்தில் நீரோடு அள்ளிப் பார்ப்பதே நல்லது. புரட்டிய கல்லை அதே பக்கமாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடியில் ஒட்டியுள்ள உயிர்கள் வெயிலில் காய்ந்து செத்துப்போகும்.

அலங்கார நண்டுகளையும் சேர்த்திருக்கலாம். மேலோட்டில் கொக்கி வடிவ மயிர்கள் இருக்கும். பாசியையும் கடற்பஞ்சையும் பிய்த்து அவற்றில் மாட்டிக்கொள்ளும். ஓடுரித்தால் அலங்காரமும் பழைய ஓட்டோடு போய்விடும், எனவே அதிலிருந்தே எடுத்துப் புது ஓட்டில் மாட்டுவதும் உண்டு. குத்துச்சண்டை நண்டு இன்னும் வியப்பு: கொடுக்குக்கு ஒன்றாகக் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற கடலுயிரியைப் பிடித்திருக்கும். ஒன்று பறிபோனால், மிச்சமுள்ளதை இரண்டாகக் கிழித்துக்கொள்கிறது. இரு துண்டுகளும் முழு உயிராக வளர்ந்துவிடுகின்றன.