பால் மறக்கடித்தவள்

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு வரைக்கும் பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் நாலு பேர் சிரிக்கிற பொம்மையோடு. எந்த வீடியோ என்று தெரியாதவர்கள் தேட வேண்டாம். அந்த மனிதருக்கு ‘வியூஸ்’ கூட்டிக் கொடுக்க நான் பதிவு போடவில்லை.

பெண் குழந்தைக்கு வைக்கக் கூடாத அரபுப் பெயர்கள் ஐந்தாம். மூன்றாவது பாத்திமா. காரணம் இரண்டு சொல்கிறார். ஒன்று, ரொம்பப் பழசு, தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இரண்டு, அர்த்தம் நன்றாக இல்லை. பால்குடியை மறக்கடித்தவள் என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு.

அர்த்தம் சரிதான், அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரபியில் ஃபதம என்றால் பால்குடியை நிறுத்துவது. அதிலிருந்து ஃபாத்திமா, பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பவள். நரகத்தை விட்டு விலக்கப்பட்டவள் என்று மார்க்க விளக்கம் சொல்பவர்களும் உண்டு. நான் அதைத் துணைக்குக் கூப்பிடவில்லை. பால் மறக்கடிப்பவள் என்கிற அர்த்தமே எனக்குப் போதும். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அண்ணே, நீங்கள் ஒரு பிள்ளைக்குப் பால் மறக்கடித்திருக்கிறீர்களா?

என் மகளுக்கு இரண்டு வயது முடிகிற நேரம். குர்ஆனில் சொல்லியிருப்பதும் இரண்டு வருடம்தான். மாமி வேப்பிலையை அரைத்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தார். பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தாள், ஒரு வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவள் தன் கவுனின் ஓரத்தைப் பிடித்துத் துடைத்துவிட்டு மறுபடி வாய் வைத்தாள்! அப்புறம் மூன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல். மல்லிகைப்பூ வாங்கி வந்து வைத்துக் கட்டினார் மாமி. இன்றைக்கும் மல்லிகை வாசம் வந்தால் எனக்குக் கல்யாண வீடு ஞாபகம் வராது, அந்த வலிதான் ஞாபகம் வரும். நாலாம் ராத்திரி அவள் பால் கேட்கவில்லை. என் காது மடலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். நான்தான் விடிய விடிய அழுதேன். காலையில் போனில் உம்மா சொன்னது ஒரே வரி: “பால் மறந்த பிள்ளைதான் பொழச்ச பிள்ளை.”

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பாலைவனத்தில் எத்தனை பிள்ளைகள் இரண்டு வயதைப் பார்த்திருக்கும்? பிறந்த பெண்ணுக்கு ‘பால் மறக்கடிப்பவள்’ என்று பெயர் விட்டால் என்ன அர்த்தம்? இவள் பிழைக்க வேண்டும், வளர வேண்டும், பெற வேண்டும், பெற்ற பிள்ளையும் பால் மறக்கிற வயது வரை பிழைத்திருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு தலைமுறைக்கு ஆயுள் கேட்டிருக்கிறார்கள். நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நம் ஊரில் பிள்ளை தங்காத வீட்டில் குப்பம்மாள் என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தார்களே, அந்தத் தாய்களைப் பார்த்துச் சிரிப்பீர்களா? சிரிப்பீர்கள் போலிருக்கிறது.

அர்த்தம்தான் அளவுகோல் என்றால் நபிகளின் மனைவி பெயரான கதீஜாவையும் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவள் என்று அர்த்தம். ஏன் சேர்க்கவில்லை? அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இவர்கள் புதுசாகப் பரிந்துரைக்கிற பெயருக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான்: சொர்க்கத்தின் பூ. சொர்க்கத்தில் வேறு செடியே கிடையாது போல.

சரி, பழசு என்கிறார். ஆமாம், பழசுதான். நபிகளின் மகளுக்கு வைப்பதற்கு முன்பே அது பழைய பெயர். நபிகளின் தந்தையைப் பெற்ற பாட்டி ஒரு பாத்திமா, அம்ருடைய மகள். நபிகளின் மருமகன் அலியைப் பெற்ற தாய் இன்னொரு பாத்திமா, அசதுடைய மகள். நபிகளின் சொல்லையும் செயலையும் பதிந்துவைத்த ஹதீஸில் ஒரு சம்பவம் வரும். நபிகளுக்குப் பரிசாக வந்த பட்டுத்துணியை அலியிடம் கொடுத்து, முக்காடுகளாகக் கிழித்து பாத்திமாக்களுக்குப் பங்கிட்டுக் கொடு என்கிறார்கள். அதற்கு அரபியில் தனியாக ஒரு பன்மைச் சொல்லே இருக்கிறது, ஃபவாத்திம். தெருவுக்குப் பத்துப் பேர் என்கிற குறை 1400 வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. யாரும் வீடியோ போடவில்லை.

பெயர் எப்படி ஊர் ஊராகப் போனது என்றும் பாருங்கள். ஈரானில் ஃபாத்தெமே, துருக்கியில் ஃபத்மா, செனகலில் ஃபாத்து. கெய்ரோ நகரத்தை 969இல் உருவாக்கிய அரச வம்சம் தன்னை பாத்திமாவின் வாரிசு என்றுதான் அழைத்துக்கொண்டது. நம்மிடம் வந்ததும் பாத்திமா பீவி, செய்யதலி பாத்திமா, பாத்திமா கனி, சித்தி பாத்திமா. எங்கள் கடற்கரைப் பக்கம் பாத்துமுத்து. அரபுப் பெயரோடு நம் முத்தைக் கோத்துவிட்டார்கள், யாரைக் கேட்டார்கள்? சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் பாத்திமா திருமணத்துக்கென்றே ஒரு படலம் பாடியிருக்கிறார். முந்நூறு வருடத்துக்கு மேலாகத் தமிழில் இருக்கிற பெயரைத்தான் ‘நம்ம வாய்க்கு வராத அரபுப் பேரு’ என்று ஒருவர் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. நான் படித்தபோது எங்கள் வகுப்பில் மூன்று பாத்திமா. அதில் ஒருத்தி பாத்திமா மேரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். 1917இல் போர்ச்சுக்கலில் மூன்று ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிற ஊரின் பெயர் பாத்திமா. அந்த ஊருக்கு அரபுப் பெயர் வந்தது மூர்கள், அதாவது வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள், ஆண்ட காலத்து மிச்சம். மதுரையில் 1953இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய கல்லூரிக்கும் அதே பெயர்தான். டீச்சர் ‘பாத்திமா’ என்று கூப்பிட்டால் மூன்று பேரும் எழுந்திருப்போம். மேரி மட்டும் வேண்டுமென்றே கடைசியாக உட்காருவாள்.

1989இல் உச்ச நீதிமன்றத்துக்குள் முதல் பெண் நீதிபதியாகப் போனவரின் பெயர் என்ன? பாத்திமா பீவி. பிறகு தமிழ்நாட்டுக்கே கவர்னராக வந்தார். பழைய பெயர் அவரை எங்கே தடுத்தது?

பதில்கள் வரும் என்று தெரியும். “பெயர் வைப்பது பெற்றவர்கள் உரிமை, நீங்கள் யார் கேட்க?” உரிமைதான், வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிரிப்பைப் பற்றி.

“இந்தக் காலத்தில் பளிச்சென்று முஸ்லிம் என்று தெரிகிற பெயரை வைத்தால் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.” இதைச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார், இன்பாக்ஸில். இதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சென்னையில் வீடு தேடியபோது போனில் வாடகை, அட்வான்ஸ், கார் நிறுத்த இடம் எல்லாம் பேசி முடித்து, “மேடம் உங்க பேரு?” என்பார்கள். சொல்வேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இருக்காது. “ஹஸ்பண்ட் கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.” கேட்டுவிட்டுச் சொன்னவர் ஒருவரும் கிடையாது. ஆறு வீடு. ஏழாவது வீட்டுக்கு என் ஆபீஸ் தோழியைப் பேசச் சொன்னேன். அவள் தன் பேரைச் சொல்லிப் பேசினாள், சாவி வாங்கப் போனபோதுதான் நான் முகத்தைக் காட்டினேன். இதெல்லாம் பாத்திமா என்ற பெயரின் குற்றமா? குற்றம் செய்தவரை விட்டுவிட்டுப் பெயரை மாற்றச் சொல்கிறோம். வெளியே இருப்பவர்கள் பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் அர்த்தம் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்புறம் அந்தப் பெயர் எங்கே போய் இருக்கும்?

“உங்கள் மகள் பெயர் என்ன மேடம்?” என்று கேட்க ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார், தெரியும். இனாயா பாத்திமா. இனாயா என்றால் அக்கறை, பராமரிப்பு. நல்ல பெயர். பாத்திமா பின்னால் இருக்கிறது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இடம் போதாமல் இனாயா எஃப் என்று ஆகிவிட்டது, அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நானும் நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். போதுமா? நான் ஒன்றும் உத்தமி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் போட்ட குட்டிக் கால் படத்துக்கு எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டீர்கள் இல்லையா, என் தம்பி மகள். உம்மா பெயரைத்தான் விடுவதாகப் பேச்சு. உம்மா ரேஷன் கார்டில் பாத்துமுத்து. ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, ஆடு அறுத்துப் பெயர் விட வேண்டும். ஐந்தாம் நாள் குடும்ப குரூப்பில் யாரோ அந்த வீடியோவைப் போட்டார்கள். கீழே ஆறு சிரிப்புப் பொம்மை. அவ்வளவுதான், யாரும் எதுவும் பேசவில்லை. ஏழாம் நாள் வேறு ஒரு பெயர் விட்டார்கள். தம்பி என்னிடம், “ராத்தா, அவ வீட்ல ஆசைப்பட்டாங்க” என்றான். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவனிடம் என்ன சண்டை போடுவது?

உம்மாவுக்கு ஸ்மார்ட்போன் கிடையாது, வீடியோ தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. புதுப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. “சரி, நீங்க பள்ளிக்கூடத்துக்கு அதை வச்சுக்குங்க. நான் பாத்தும்மான்னே கூப்பிட்டுக்கிறேன்” என்றார். மடியில் இருந்த பிள்ளை அப்போது பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

பன்னிரண்டாவது ஆளாக யாரும் அந்த வீடியோவை எனக்கு அனுப்ப வேண்டாம்.