சௌந்தரராஜனின் கடைசிப் புள்ளி

சித்தப்பா காலமான மறுவருடம், கோத்தகிரி வீட்டின் பரணில் இருந்து 140 கேசட்டுகளை இறக்கினோம். அவர் மேட்டுப்பாளையம் வழித்தடத்தில் பேருந்து ஓட்டியவர். கையில் காசு சேரும்போதெல்லாம் கேசட் வாங்கியவர். சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, நீலகிரிப் படுகர்களின் படுகு மொழிப் பாட்டு, வானொலியிலிருந்து அவரே பதிந்தவை என்று எல்லாம் கலந்திருந்தன. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் சுவரே வியர்த்துக் கிடக்கும். அந்த ஈரத்தில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது என்று தோன்றியதால், சமவெளியில் ஒரு நகரத்தில் கேசட்டை எம்பி3 ஆக மாற்றித் தரும் கடையொன்றில் மொத்தத்தையும் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு பென்டிரைவ் வந்தது. ஒலி குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் கோப்புகளும் "டிராக் 01", "டிராக் 02" என்றே இருந்தன. பாடியவர் என்ற இடத்தில் "தெரியாத கலைஞர்" என்றும், ஆண்டு என்ற இடத்தில் அவர்கள் மாற்றித் தந்த ஆண்டும், குறிப்பு என்ற இடத்தில் ஒன்றுவிடாமல் கடையின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தன. கேசட் பெட்டிக்குள் இருந்த அட்டைகளைப் பற்றிக் கேட்டபோது, ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டிருந்ததால் எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள். "ஏன் கண்ணு, அந்த அட்டையில உங்க சித்தப்பா கையெழுத்து இருந்துச்சே" என்று சித்தி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து இரண்டு வருடமாக அந்தக் கோப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒலியை மட்டும் மாற்றிவிட்டு, அதை யார் எழுதினார், யார் இசையமைத்தார், யார் பாடினார் என்பதை உள்ளே எழுதாமல் விடுவதை முடிந்த வேலையாகக் கணக்கு வைக்கக் கூடாது என்பதும், அதைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்பதும் இந்த இரண்டு வருடத்தில் எனக்கு உறுதியாகிவிட்டன.

பலரும் கோப்பின் பெயரையே பாட்டின் பெயர் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய பாட்டைக் கைப்பேசியின் கோப்புறையில் போய்ப் பாருங்கள். அனுப்பியவர் ஆசையாக வைத்த பெயர் போய், தேதியும் வரிசை எண்ணும் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆனால் அதே கோப்பைப் பாட்டுச் செயலியில் திறந்தால், உள்ளே டேக் எழுதப்பட்டிருக்கும் பட்சத்தில், பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் அப்படியே தெரிகின்றன. கோப்பின் பெயர் வீட்டு வாசலில் தொங்கும் பலகை. யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். டேக் என்பது ஒலியோடு அதே கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் விவரம். கோப்பு போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

எம்பி3 என்ற வடிவம் உருவானபோது பாட்டின் பெயரை எழுத அதில் இடமே ஒதுக்கப்படவில்லை. 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் கடைசியில் 128 பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) அளவுக்கு ஒரு துண்டை ஒட்டவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஐடி3 என்று பெயர். தலைப்புக்கு 30 பைட், பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, குறிப்புக்கு 30, ஆண்டுக்கு 4, பாட்டின் வகைக்கு 1, தொடக்க அடையாளத்துக்கு 3. ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் 30 என்பது ஓரளவு தாராளமான இடம். நம் எழுத்துக்கு அப்படியில்லை. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யுனிகோடில் எழுதிய தமிழ், அந்த எண்ணைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். உயிர்மெய்யில் துணைக்காலும் கொம்பும் தனிக் குறியீடு, மெய்யில் புள்ளியும் தனிக் குறியீடு. "சௌந்தரராஜன்" என்ற பாடகர் பெயரை எண்ணிப் பார்த்தேன்: 11 குறியீடுகள், 33 பைட். முப்பதில் வெட்டினால் கடைசிப் புள்ளி விழுந்துவிடுகிறது. என் பழைய பிளேயரில் அவர் பெயர் "சௌந்தரராஜன" என்று வந்ததற்குக் காரணம் எழுத்துப்பிழை என்று வெகுநாள் நினைத்திருந்தேன், முன்னெழுத்துகளைச் சேர்த்தால் "டி. எம். சௌந" என்பதோடு நின்றுவிடும்.

1998-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐடி3 இந்த நெருக்கடியை நீக்கியது. அது கோப்பின் தொடக்கத்திலேயே அமர்கிறது. மொத்தம் 256 மெகாபைட் வரை இடம் இருப்பதால் பாடல் வரிகள், அட்டைப்படம் எல்லாவற்றையும் உள்ளே வைக்கலாம். ஒவ்வொரு விவரத்தின் முன்னும் இது எந்த எழுத்துமுறையில், அதாவது எழுத்தைப் பைட்டாக மாற்றும் எந்த முறையில், எழுதப்பட்டது என்று சொல்ல ஒரு பைட் உண்டு. அந்த ஒரு பைட்டைத் தப்பாகப் போட்டுவிட்டால் வருவதுதான் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தக் கிறுக்கல்: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் சாய்கோட்டு ஏ, மறுபடியும் வட்டத்து ஆர். தமிழின் யூடிஎஃப்-8 குறியீடுகள் எல்லாமே ஒரே பைட்டில் தொடங்குவதால்தான் அந்த ஏ மீண்டும் மீண்டும் வருகிறது. இதைக் கண்டதும் பலர் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தக் கிறுக்கலுக்குள் அசல் பைட்டுகள் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். எழுத்துமுறையைத் திருத்தினால் பெயர் திரும்பக் கிடைத்துவிடும். திரும்பவே கிடைக்காதது கேள்விக்குறிகள். "????????" என்று வந்துவிட்டால், எழுதிய மென்பொருள் தமிழை எழுதத் தெரியாமல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துச் சேமித்துவிட்டது என்று பொருள்.

நான் எம்பி3டேக் என்ற மென்பொருளில் வேலை செய்கிறேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிட்3 இருக்கிறது. எழுதும்போது ஐடி3 2.3 பதிப்பையும் யூடிஎஃப்-16 எழுத்துமுறையையும் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். 2000-இல் வந்த 2.4 பதிப்பில்தான் யூடிஎஃப்-8 நேரடியாக அனுமதிக்கப்பட்டது என்றாலும், பழைய விண்டோஸும் பல கார் பிளேயர்களும் அதைப் படிப்பதில்லை. எம்பி3 அல்லாத ஃபிளாக், ஆக் என்ற ஒலி வடிவங்களில் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அவற்றின் விவரம் தொடக்கத்திலிருந்தே யூடிஎஃப்-8 மட்டும்தான்.

எழுத்து சரியாக வந்தபின் யாருடைய பெயரை எங்கே எழுதுவது என்ற கேள்வி வருகிறது. மேற்கத்திய பாப் இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு என்பதால் "கலைஞர்" என்ற ஒரே கட்டம் முன்னால் நிற்கிறது. நம் சினிமாப் பாட்டை யாருடையது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறும். சித்தப்பாவுக்கு அது கண்ணதாசன் பாட்டு. சித்திக்கு அது சுசீலா பாட்டு. எனக்கு அது விஸ்வநாதன் பாட்டு. மூவர் சொல்வதும் சரிதான், மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் ஐடி3-இல் இருக்கவும் செய்கிறது. இசையமைப்பாளருக்கு ஒன்று, பாடலாசிரியருக்கு ஒன்று என்று இரண்டாம் தலைமுறையிலேயே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பாடலாசிரியர் கட்டம் நிரப்பப்பட்ட ஒரு கோப்பு, பிறர் எனக்கு அனுப்பியவற்றில் இதுவரை ஒன்றுகூட இல்லை. திருட்டுத்தனமாகப் பாட்டு ஏற்றும் தளங்கள் எல்லாக் கட்டத்திலும் தங்கள் முகவரியை எழுதிக்கொள்கின்றன. காசு கொடுத்து வாங்கிய கோப்புகளிலும் பாட்டு எழுதியவருக்குரிய கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது. பெரும்பாலான கைப்பேசிச் செயலிகள் அந்தக் கட்டத்தைக் காட்டுவதே இல்லை என்பது உண்மை. அதற்காக எழுதாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். செயலி வருடத்துக்கு ஒன்று மாறுகிறது. எழுதியிருந்தால்தானே நாளை ஒரு செயலி அதைக் காட்ட முடியும்?

ஒரே ஆளுடைய பெயரை ஒரே மாதிரி எழுதுவது இன்னொரு பாடு. என் தொகுப்பில் டி. எம். சௌந்தரராஜன் சில காலம் ஐந்து பேராக இருந்தார். புள்ளிக்குப் பின் இடம் விட்டவர், இடம் விடாதவர், டி.எம்.எஸ்., ஆங்கில எழுத்தில் ஒருவர், கடைசியாக ஒருவர் மட்டும் பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லாமல் தனியாக நின்றார். அவரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. "சௌ" என்ற எழுத்தை ஒருவர் ஔகாரக் குறியால் எழுதாமல், "செ" போட்டு அடுத்து ளகரத்தைத் தட்டியிருக்கிறார்: "செளந்தரராஜன்". கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு ஆள். "கொ", "கோ" ஆகியவற்றை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியும் எழுதலாம் என்பதால் கோத்தகிரி என்ற பெயரில் எனக்கு இரண்டு தொகுப்புகள் உண்டாயின. இரண்டு பேர் பாடினால் நடுவில் என்ன போடுவது என்பதற்கும் ஒரு வழக்கை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஐடி3 2.3 பதிப்பு சாய்கோட்டைப் பிரிப்பானாக வைத்திருக்கிறது; அதனால் ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலியக் குழு பல பிளேயர்களில் இரண்டு குழுவாக உடைந்துபோவது பிரசித்தம்.

படுகு மொழிக் கேசட்டுகளுக்கு வந்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. மொழி என்ற கட்டத்தில் கடைக்காரர் அவற்றுக்கெல்லாம் கன்னடம் என்று போட்டிருந்தார். திருத்தலாம் என்று உட்கார்ந்தால், ஐடி3 அந்தக் கட்டத்தில் மொழிகளுக்குக் குறி தரும் ஐஎஸ்ஓ 639-2 என்ற சர்வதேசப் பட்டியலின் மூன்றெழுத்துக் குறியைத்தான் எழுதச் சொல்கிறது. தமிழுக்கு அதில் குறி இருக்கிறது, கன்னடத்துக்கும் இருக்கிறது. படுகுக்கும், தோடர் மொழிக்கும், கோத்தர் மொழிக்கும் இல்லை. திராவிட மொழிகள் என்ற பொதுக்குறிக்குள் அவை சேர்ந்துகொள்ள வேண்டும். பின்னால் வந்த 639-3 பட்டியலில் மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள் கிடைத்தன என்றாலும், ஐடி3-இன் விதி பழைய பட்டியலோடு நின்றுவிட்டது. வகைக் கட்டம் இன்னும் வேடிக்கை. 1996-இன் முதல் பட்டியலில் இருந்த 80 வகைகளில் போல்கா நடனத்துக்கு 75 என்ற எண் கிடைத்தது, கர்நாடக இசைக்கு எதுவும் கிடைக்கவில்லை. நாட்டுப்புறப் பாட்டு பிறகு வின்ஆம்ப் என்ற பிளேயர் நீட்டிய பட்டியலில்தான் 80-ஆம் எண்ணாக நுழைந்தது. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைப் பாட்டுக்கு நான் என்ன எண் போட? இரண்டாம் தலைமுறையில் வகையைச் சொல்லாகவே எழுதலாம் என்பதால் "படுகர் பாட்டு" என்று எழுதினேன். மொழிக் கட்டத்தில் விதியை மீறிப் புதிய பட்டியலின் குறியைப் போட்டேன். எந்தப் பிளேயரும் இதுவரை மறுக்கவில்லை.

தானாகவே பெயர் கண்டுபிடித்து எழுதும் வசதிகளையும் முயன்று பார்த்தேன். மியூசிக்பிரெயின்ஸ் நடத்தும் பிகார்ட் என்ற மென்பொருள் ஒலியின் ரேகையை எடுத்துப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறது. அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்கலாம். பிரபலமான பாட்டுகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. படுகுப் பாட்டுகளில் என் கையில் இருந்த ஒன்றையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை, அதில் வியப்பும் இல்லை. யாராவது ஒருவர் முதலில் எழுதினால்தானே தரவுத்தளத்தில் இருக்கும்! ஊகித்து எழுதுவதை மட்டும் செய்யவே கூடாது. குரலைக் கேட்டு "இது ஜானகிதான்" என்று ஒரு பாட்டுக்கு எழுதி, அதை நான்கு பேருக்கு அனுப்பியும் விட்டேன். வாணி ஜெயராம் என்று சித்தி திருத்தினார். அந்த நான்கு கோப்புகளில் இன்றும் தப்பான பெயர்தான் இருக்கும். தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டால், அடுத்தவர் வந்து நிரப்பக்கூடும்.

வானொலியிலிருந்து சித்தப்பா பதிந்த கேசட்டுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒரு டேக்கில் எழுத வேண்டிய அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. கடைக்காரர் அதைத் தேவையற்ற பேச்சு என்று கருதி ஒவ்வொரு பாட்டின் முன்னும் வெட்டியிருக்கிறார். இரண்டு கேசட்டில் மட்டும் வெட்ட மறந்திருக்கிறார். அந்த 23 பாட்டுகளுக்கு நான் ஒருவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, கேட்டுக் கேட்டு எழுதினேன்.

தமிழில் எழுதினால் காரில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே என்று நண்பர்கள் குறை சொல்கிறார்கள். என் அண்ணன் ஜீப்பிலும் அப்படித்தான். அவருக்கென்று ஆங்கில எழுத்தில் டேக் எழுதிய தனிப் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூலத்தில் தமிழ்தான் இருக்கும். தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்கு எப்போதும் போகலாம். அங்கிருந்து திரும்பி வந்தால் அது ளகரமா லகரமா, றகரமா ரகரமா என்று எந்த மென்பொருளும் சொல்லாது.

இன்னும் 61 படுகுப் பாட்டுகளுக்குப் பாடியவர் கட்டம் காலியாக இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், உதகைப் பக்கம் உள்ளவர்கள் வீட்டில் பழைய படுகு மொழிக் கேசட்டுகள் இருந்தால், நாடா வீணாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். ஈரத்தில் ஒட்டியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.