காயாத பாலிஷ்

மனைவி: நாளைக் காலை பத்து மணிக்கு நாற்காலி விஷயமாக ஒருவர் வருகிறார். நீங்கள் எங்கும் கிளம்பிவிடாமல் வீட்டில் இருங்கள்.

கணவர்: அதற்குள் செய்தி பரவிவிட்டதா? குன்னூரில் எதைத்தான் மறைத்து வைக்க முடியும்! எஸ்டேட் பங்களா ஏலத்தில் நான் அதை எடுத்தபோதே இரண்டு பேருடைய முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நீ அவசரப்பட்டு விலை எதுவும் சொல்லிவிடவில்லையே?

மனைவி: விலையை அவர்தான் சொன்னார். எனக்கு நியாயமாகப் பட்டது, சரி என்று சொல்லிவிட்டேன்.

கணவர்: உன்னிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். அது அசல் ஈட்டி மரம். தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்த துரை பூட்சுக் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சாய்வதற்கென்றே, கைப்பிடி இரண்டையும் முன்னால் நீட்டிச் செய்த நாற்காலி. அதற்குப் போய் முதலில் கேட்ட விலைக்கே தலையாட்டிவிட்டாயே! எவ்வளவு சொன்னார்?

மனைவி: ஒன்று அறுநூறு ரூபாய். நான்காக எடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வாராம்.

கணவர்: அறுநூறா? அது கிடக்கட்டும், நான்குக்கு எங்கே போவது? என்னிடம் இருப்பதே ஒன்றுதானே!

மனைவி: ஒன்றுகூட இல்லை. கைப்பிடிகள் மாடியில் இருக்கின்றன, கால்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, முதுகுச் சட்டமோ குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இரவில் எழுந்து போகிறவர்களைப் பயமுறுத்துகிறது. வருகிறவர் வாங்க வரவில்லை, கொடுக்க வருகிறார். பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கு, நீல நிறம்.

(இதைக் கேட்டதும் கணவர் பொத்தென்று உட்கார்ந்தார் என்று எழுதத்தான் கை பரபரக்கிறது. அந்த வீட்டில் உட்கார ஒன்றும் இல்லாததால் சுவரில் சாய்ந்துகொண்டார்.)

கணவர்: என் வீட்டில் பிளாஸ்டிக்கா? நீலகிரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பது உனக்குத் தெரியாதா? மலை அடிவாரச் சோதனைச் சாவடியிலேயே இறக்கி வைத்துவிடுவார்கள்.

மனைவி: ஒரு முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத்தான் தடை. ஒரு முறைகூடப் பயன்படுத்த முடியாத ஈட்டி மரத்துக்கும் ஒரு தடை போடுவார்கள் என்று நானும் காத்திருந்து பார்த்தேன், போடவில்லை. போன வாரம் வந்த சம்பந்தியம்மாள் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார். முட்டி வலிக்கிறது என்று அவர் மூன்று முறை சொன்னதற்கு, நீங்கள் மூன்று முறையும் பிரம்புப் பின்னலின் பெருமையைச் சொன்னீர்கள்.

கணவர்: பாலிஷ் காயவில்லை, அதற்கு நான் என்ன செய்வது? அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தொட்டு ஒரு கை பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். காற்றில் ஈரம் இருக்கும்போது பூசினால் அரக்கு வெள்ளையாகப் பூத்துப்போகும். ஈரம் குறையட்டும், முடித்துவிடுகிறேன்.

மனைவி: ஜூன் மாதம் கேட்டபோது தென்மேற்குப் பருவமழை என்றீர்கள். அக்டோபரில் கேட்டபோது வடகிழக்குப் பருவமழை என்று சொல்லி, குன்னூருக்கு அதுதான் பெரிய மழை என்று வானிலை அறிக்கையும் வாசித்தீர்கள். ஜனவரியில் பனி. மார்ச் மாதம் பளிச்சென்று வெயில் அடித்தது, பாலிஷும் காய்ந்திருக்கும், ஆனால் நாம் கொச்சியில், மட்டாஞ்சேரியில் இருந்தோம்.

கணவர்: ஓய்வு பெற்ற பிறகு நாலு ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது யார்? நீதானே?

மனைவி: ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரெல்லாம் இராமாயணம் தீட்டியிருக்கிறார்கள், அதைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று கிளம்பினால், யூதத் தெருவில் ஒரு பித்தளைக் கீலுக்கு நீங்கள் பேரம் பேசி முடிப்பதற்குள் அரண்மனையைப் பூட்டிவிட்டார்கள். காரைக்குடிக்குப் போனோம், பிள்ளையார்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நான் தரிசித்தது முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்த பழைய சாமான் கடைகளைத்தான். சென்னையில் அவ்வளவு பெரிய கடல் இருக்க, ரிச்சி தெருவில் பழைய வானொலிக்குக் கண்டென்சர் பொறுக்கிக்கொண்டிருந்த உங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வருடம் முழுக்க ஊர் சுற்றுகிறாள், கொடுத்து வைத்தவள் என்று உறவில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். புகைப்படங்களில் என் மடியிலிருக்கும் மூட்டையைக் கோயில் பிரசாதம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதில் இருந்தது சுவர்க் கடிகாரத்தின் குடல்.

கணவர்: அந்தக் கடிகாரம் அருமையான சரக்கு.

மனைவி: எங்கே இருக்கிறது?

கணவர்: பிரித்து வைத்திருக்கிறேன். பெட்டிக்குப் பாலிஷ் காய வேண்டும்.

மனைவி: அதற்குமா?

கணவர்: வால்வு வானொலியை மட்டும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய்? கண்டென்சரை மாற்றியதும் உயிர் வந்துவிட்டதே!

மனைவி: உயிர் வந்து இரைந்துகொண்டிருக்கிறது. உதகை வானொலி பண்பலையில் ஒலிபரப்புகிறது, உங்கள் பெட்டியிலோ பண்பலையே கிடையாது. அடுத்ததாக அந்த நிலையத்தைப் பிரித்து வைக்கப் போகிறீர்களா?

கணவர்: உனக்குப் பழமையின் மதிப்புத் தெரியவில்லை. நம் மலை ரயிலையே எடுத்துக்கொள். 1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் உதகைக்குப் போய், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பழசுதானே என்று அன்றைக்கே தூக்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

மனைவி: அந்த ரயிலை உங்களுக்குச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், அது என் பக்கம்தான் பேசும். அதைத் தினமும் துடைத்து, எண்ணெய் விட்டு, தட்டிப் பார்த்து, கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல் சக்கரத்தைப் பற்சட்டத்தில் மாட்டி மலை ஏற்றுகிறார்கள். பழைய எஞ்சின்கள் தளர்ந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனையில் நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்து கொடுத்தார்கள். பாலிஷ் காயட்டும் என்று அவர்களும் உட்கார்ந்திருந்தால் பயணிகள் இன்னும் மேட்டுப்பாளையத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் ஓடுகிற பொருளை ஓடவைக்கிறார்கள். உங்களுக்கோ ஒரு பொருள் பழுதாகிப் பரணுக்குப் போன பிறகுதான் அதன்மேல் பாசம் பொங்குகிறது. சமையலறைக் குழாய் இந்த மழைக்காலம் முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கிறதே, அதை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீர்களா?

கணவர்: குழாயையும் ஈட்டி மரத்தையும் ஒரே தட்டில் வைக்கிறாயே! கடைத்தெருவில் வாங்கிய குழாயில் என்ன கலை இருக்கிறது?

மனைவி: அப்படியானால் இன்னும் எண்பது வருடம் சொட்டட்டும். எஸ்டேட் பங்களாக் குழாய் என்று யாராவது ஏலத்தில் விடுவார்கள், நீங்கள் முதல் ஆளாகப் போய்க் கை தூக்கலாம். அதுவரை என்னால் வாளி வைத்து மாளாது. நாளைக்கு நாற்காலிக்காரரோடு குழாய்க்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

கணவர்: குழாய்க்காரர் எதற்கு? அந்தக் குழாயை வெளியாள் யாரும் தொட வேண்டாம்.

மனைவி: ஏன் தொடக் கூடாது?

கணவர்: அது உண்மையில் பழுதாகவில்லை. வானொலிப் பெட்டிக்கு அடியில் நான்கு ரப்பர் கால்கள் உண்டு. அவற்றில் ஒன்று பொடிந்து உதிர்ந்துவிட்டது. அந்த அளவில் ரப்பர் கிடைக்காமல் நான் எத்தனை ஊர் அலைந்தேன் என்று உனக்கே தெரியும். கடைசியில் பார்த்தால் நம் சமையலறைக் குழாயின் வாஷர் அச்செடுத்தது மாதிரி பொருந்தியது.

மனைவி: குழாயில்?

கணவர்: சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருக்கிறேன். அவ்வளவாக ஒழுகாது என்றுதான் நினைத்தேன்.

மனைவி: வானொலியின் மற்ற மூன்று கால்கள் எப்படி இருக்கின்றன?

கணவர்: அவையும் தேய்ந்துதான் போயிருக்கின்றன. ஏன் கேட்கிறாய்?

மனைவி: (கைப்பேசியை எடுத்து) அண்ணா, வாஷர் ஒன்று போதாது, நான்காகக் கொண்டு வாருங்கள். இல்லை, மற்றக் குழாய்களெல்லாம் இந்த நிமிடம் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. முடிந்தால் நாளைக் காலை வரை காத்திருக்காமல் இன்றைக்கே வந்துவிடுங்கள், இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறார்.