தர்ப்பையும் கிரகணக் கண்ணாடியும்
கிரகணத்துக்குக் கோயில் நடையைச் சாத்துகிறவர்களுக்கு அறிவியல் பேச அருகதை இல்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபமா?

2019 டிசம்பர் 26, திண்டுக்கல். காலை ஒன்பதரை வாக்கில் சூரிய கிரகணத்தின் நெருப்பு வளையம் தெரிந்தது. அம்மா ஊறுகாய் ஜாடியில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, என் கிரகணக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். நிலவுதான் மறைக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விளக்கியதும் அவர்தான்.

கிரகணமெல்லாம் நிழல்தான் என்று பழங்கால வானியலாளர் ஆரியபட்டர் எப்போதோ எழுதிவிட்டார். பஞ்சாங்கக்காரர் நேரம் குறிப்பதும் கணக்குப் போட்டுத்தான், ராகுவைக் கேட்டு அல்ல.

சரி, தர்ப்பை ஊறுகாயைக் காக்குமா? காக்காது. அம்மாவிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும்டா" என்றார். விட்டுவிட்டேன். கிரகணம் என்று கர்ப்பிணியைப் பட்டினி போட்டால் மட்டும் விடமாட்டேன்.