குத்துகிற கத்தியா, வெட்டுகிற கத்தியா?
கைக்காப்பு, அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைத் தடுக்கும் தகடு, இல்லாத கத்தி சண்டைக்கே ஆகாது என்று கட்டுரையில் அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள், பாதிதான் சரி. குத்தும்போது முனை எலும்பில் முட்டி நின்றாலும் கை நிற்காது, ஈரப் பிடியில் வழுக்கி அலகின்மேல் ஏறிவிடும், 1941-ல் வந்த பிரிட்டிஷ் கமாண்டோ கத்தியில் குறுக்குத் தகடு இருப்பது அதற்குத்தான். ஆனால் கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரியில் காப்பே கிடையாது. அது வெட்டுகிற கத்தி, கை பின்னால் நழுவாமலிருக்கப் பிடியின் அடி அகன்றிருக்கும். நான் பேரணாம்பட்டில் காப்பில்லாத கத்தியால் தோல் சீவியவன். வருஷக்கணக்கில் சீவியும் ஒன்றும் ஆகவில்லை, ஒருநாள் எண்ணெய்க் கையோடு அதே கத்தி நுனியால் ஓட்டை போடக் குத்தினேன், ஆள்காட்டி விரலில் நாலு தையல். அப்புறம் நம்ம கட்டாரி? அது குத்துகிற கத்திதான், ஆனால் பிடியே அலகுக்குக் குறுக்காக இருக்கிறது, கை எங்கே வழுக்கும்?