திரையில் சரி, பலகையில் பிழை

கல்முனையில் உள்ள எங்கள் பட்டறையின் பின்சுவரில் ஒரு முதிரைப் பலகை சாய்ந்து நிற்கிறது. கதவொன்றின் மேற்பலகையாக இருந்திருக்க வேண்டியது அது. தாமரை இதழ்களைக் கணினியில் வரைந்து, வெட்டுப்பாதை அமைத்து, திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரியென்று நம்பித்தான் சிஎன்சி ரூட்டரை, அதாவது கணினிக் கட்டளைப்படி மரம் செதுக்கும் இயந்திரத்தை, இயக்கினேன். மூன்றாவது இதழின் வளைவுக்கு வந்ததும் பிட் என்ற வெட்டும் அலகு திசைமாறி, பலகையின் குறுக்கே பெரியதொரு வட்டத்தைத் தோண்டிக்கொண்டு போனது. அவசரப் பொத்தானை நான் அழுத்துவதற்குள் முக்கால் வட்டம் முடிந்துவிட்டது. அந்த அகலத்தில் முதிரை கேட்டு மரக்காலை மரக்காலையாக அலைந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

காரணம் மிகச் சிறியது. இயந்திரத்துக்குக் கட்டளையிடும் மொழியான ஜி-கோட்டில், வளைவை வெட்டச் சொல்லும் வரியில் வட்டத்தின் மையம் ஐ, ஜே என்ற இரண்டு எண்களால் குறிக்கப்படும். அவற்றை வளைவு தொடங்கும் இடத்திலிருந்து அளப்பதா, வேலையின் பூச்சியப் புள்ளியிலிருந்து அளப்பதா என்பதில், வரைந்த மென்பொருள் ஒன்றை நினைத்திருந்தது, இயந்திரத்தை ஓட்டிய மென்பொருள் வேறொன்றை நினைத்திருந்தது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்தே அள என்று சொல்லும் ஜி91.1 என்ற ஒரு வரியைக் கோப்பின் தொடக்கத்தில் சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

இப்படி வரையவும் வெட்டுப்பாதை அமைக்கவும் உதவும் மென்பொருளை விற்க வருபவர்கள் அதனால் என்னென்ன செய்யலாம் என்று காட்டுகிறார்கள். வாங்குபவனோ அதனால் எத்தனை பலகை பழுதாகும் என்று கணக்குப் பார்க்கிறான். இந்த மென்பொருள்களில் பட்டறைக்காரர்களான நாங்கள் எதை விரும்புகிறோம், எதை வெறுக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் முழுவதும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான்.

முதலில் போஸ்ட் புரொசசர். மென்பொருள் தனக்குள் வைத்திருக்கும் வெட்டுப்பாதையை, குறிப்பிட்ட இயந்திரத்துக்கு விளங்கும் ஜி-கோட்டாக மாற்றித் தரும் சிறிய நிரல் அது. ஜி-கோட்டுக்கு ஆர்எஸ்-274 என்ற தரம் இருக்கிறது. அதன் டி பதிப்பு 1980 இல் வந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவியும் அதைத் தன் வழக்கில்தான் பேசுகிறது. ஃபனுக் நிறுவனத்தின் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் எக்ஸ்10 என்று எழுதினால் 10 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. பின்னால் ஒரு புள்ளி வைத்தால்தான் 10 மில்லிமீற்றர். அங்குலமா மில்லிமீற்றரா என்பதைச் சொல்லும் ஜி20, ஜி21 வரி கோப்பில் விடுபட்டால், பல இயந்திரங்கள் முந்திய வேலையின் அலகிலேயே தொடர்ந்து ஓடும். இவ்வளவு ஆபத்தும் குவிந்திருக்கும் இடம் இதுவாக இருக்க, பல மென்பொருள்களின் திரை ஒத்திகை போஸ்ட் புரொசசருக்கு முந்திய பாதையைத்தான் காட்டுகிறது. இயந்திரத்துக்குப் போகும் இறுதிக் கோப்பை அது வாசிப்பதே இல்லை. அதனால்தான் என் தாமரை திரையில் அழகாக மலர்ந்தது. இறுதிக் கோப்பையே வரிவரியாக வாசித்துக் காட்டும் ஒத்திகையும், நாமே திறந்து திருத்தக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாக அமைந்த போஸ்ட் புரொசசரும் இருந்தால், எனக்கு முப்பரிமாண நிழலும் பளபளப்பும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது, இந்தக் கரையோரத்தில் தொழில் செய்யும் எங்களுக்கே உரிய துன்பம்: தமிழ் எழுத்து. எங்கள் வருமானத்தில் கணிசமான பகுதி பெயர்ப்பலகைகளிலிருந்தும் நினைவுக் கற்களிலிருந்தும் வருகிறது. வாடிக்கையாளர் வாட்சப்பில் பெயரை யுனிகோடில் அனுப்புகிறார். அதைச் செதுக்கும் மென்பொருளில் ஒட்டினால், 'செல்வம்' என்ற பெயரின் கொம்பு 'ச' வுக்குப் பின்னால் போய் நிற்கிறது; 'கோயில்' என்பதில் கொம்பும் காலும் ஒரே பக்கத்தில் குவிந்துவிடுகின்றன. தமிழில் ஒலிக்கும் ஒழுங்கு வேறு, எழுத்தை அடுக்கும் ஒழுங்கு வேறு என்பதைச் சாதாரணக் கைபேசி எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. பல ஆயிரம் டொலர் பெறுமதியான மென்பொருள் இன்னும் கற்கவில்லை. சிங்கள எழுத்துக்கும் இதே கதிதான். மூன்று மொழியிலும் பலகை கேட்கும் அலுவலகங்களுக்கு வேலை செய்யும்போது, ஆங்கில வரி ஐந்து நிமிடத்தில் முடிய, மற்ற இரண்டுக்கும் அரைநாள் போகிறது.

ஆகவே நாங்கள் இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றும் பழைய எழுத்துரு அது. வேலை நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் காலஞ்சென்ற ஒரு பெரியவரின் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். எழுத்தை வளைகோடாக மாற்றிச் சேமித்தால் சிதறாது. ஆனால் பிறகு ஒரு பிழையைத் திருத்துவதற்கு முழுப் பெயரையும் மீண்டும் அடிக்க வேண்டும். நினைவுக் கல்லில் ஒரு 'ண'கரம் 'ன'கரமாகிவிட்டால் அந்தக் குடும்பத்தின் முன் நிற்பதைவிடப் பத்து முதிரைப் பலகைகளை இழக்கலாம். சிறிய பித்தளைத் தகட்டில் பொறிப்பதற்கு ஒற்றைக் கோட்டில் ஓடும் எழுத்து வேண்டும். எங்களிடம் உள்ள மென்பொருளோடு வந்த அத்தகைய எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கிலம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் கையால் கோடிழுத்து ஒரு தொகுப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். 'ஸ்ரீ' இன்னும் திருப்தியாக வரவில்லை.

உரிமக் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 முதல், ஆட்டோகேட் என்ற வரைதல் மென்பொருளைச் செய்யும் ஆட்டோடெஸ்க் தன் பெரும்பாலான மென்பொருள்களுக்கு ஒருமுறை வாங்கி என்றும் பயன்படுத்தும் உரிமத்தை விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. கதவுக்கான கூலியை நான் அப்படி ஏற்றியிருந்தால் பட்டறை வாசலில் ஒருவரும் நின்றிருக்க மாட்டார்கள். நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த அதே காலத்தில், மின்சாரம் வந்த சிறிய இடைவெளியில் கணினியைத் திறந்தால், நான் பணம் கட்டியிருந்த மென்பொருள் இணையத்தில் தன் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று கூறிப் பூட்டிக்கொண்டது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் கோப்புகள் என் மேசையில் இருந்தன, அவற்றைத் திறக்கும் சாவி வேறொரு நாட்டில் இருந்தது.

பூட்டுடைத்த பிரதிகளை நம் பகுதியில் பலர் பயன்படுத்துகிறார்கள். அதை நான் நியாயப்படுத்தவில்லை. மாதத்துக்கு ஐந்தாறு கதவு செதுக்கும் பட்டறைக்கும் விமான உறுப்பு செய்யும் தொழிற்சாலைக்கும் ஒரே விலை வைப்பவர்கள் அதைக் கண்டு வியப்பதில் அர்த்தமில்லை என்று மட்டும் சொல்வேன்.

இலவசமாகத் தந்ததைத் திரும்ப எடுப்பதும் பயனர்கள் வெறுக்கும் செயல். ஆட்டோடெஸ்க்கின் வடிவமைப்பு மென்பொருளான ஃபியூஷன் 360 இன் தனிப்பட்ட பயன்பாட்டு உரிமத்தில் 2020 இல் என்ன நடந்தது என்பதைப் பலர் மறக்கவில்லை. திருத்தக்கூடிய கோப்புகள் ஒரே நேரத்தில் 10 என்று மட்டுப்படுத்தப்பட்டன. வெட்டாமல் நகரும் இடங்களிலும் இயந்திரம் வெட்டும் வேகத்திலேயே ஊரும்படி வேக நகர்வும் எடுக்கப்பட்டது. பல மென்பொருள்களும் திறக்கக்கூடிய பொது வடிவமான ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியையும் எடுக்கப் போவதாக அறிவித்து, பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதை மட்டும் விட்டுவைத்தார்கள். மரச்செதுக்கலில் பெயர்பெற்ற ஆர்ட்கேம் மென்பொருள் 2018 இல் நிறுத்தப்பட்டதும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. அதன் வழித்தோன்றலாக கார்வெகோ வந்தது என்பது ஆறுதல்.

கோப்பு வடிவங்களில் எனக்குள்ள பிடிவாதத்துக்கும் இதுவே காரணம். சொலிட்வேர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் அப்படியே திறந்து வேலை செய்ய முடியாது. சிறு பட்டறையின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஜெர்மனியின் ஹம்பர்க் அணியும் பிரான்சின் துலூஸ் அணியும் கட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்ததும் ஒரு காரணமாகி, வயர்க் கட்டுகள் விமான உடலில் பொருந்தாமல் போயின. 2006 இல் அந்த விமானத்தின் விநியோகம் நீண்ட காலம் தாமதித்தது. நெல் வெட்டும் மெசினுக்கு ஒரு பற்சில்லு வரைந்தால், அடுத்த பெரும்போகத்தில் அதே சில்லு உடைந்து வரும்போது அந்தக் கோப்பு திறக்க வேண்டும். வயல்காரர் வரம்பில் காத்திருக்கையில் 'இக்கோப்பு புதிய பதிப்பில் உருவாக்கப்பட்டது' என்ற செய்தியை நான் அவருக்கு எப்படி மொழிபெயர்த்துச் சொல்வது? எனவே ஒவ்வொரு வேலையையும் ஸ்டெப், டிஎக்ஸ்எஃப் ஆகிய இரண்டு பொதுவான கோப்பு வடிவங்களிலும் சேமித்து, இறுதி ஜி-கோட்டையும் பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.

குறை மட்டுமே சொல்வது நேர்மையல்ல. உட்புற மூலைகளில் பிட்டின் மேல் சுமை ஏறாதபடி, வெட்டும் அளவை ஏறத்தாழ ஒரே சீராக வைத்துப் பாதையை வளைத்துச் செல்லும் முறை வந்த பிறகு, எங்கள் பட்டறையில் பிட் முறிவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் கடமைப்பட்டவன். ஆட்டோகேட்டில் இன்றும் எல் என்று தட்டினால் கோடு, சி என்று தட்டினால் வட்டம் வருகிறது. திரையை எத்தனை முறை அலங்கரித்தாலும் பழைய கைகளுக்கு அதை விட்டுவைத்தது பெரிய மரியாதை. 2024 நவம்பரில் வெளியான இலவச வடிவமைப்பு மென்பொருளான ஃப்ரீகேட் 1.0 ஐயும் மனதாரப் பாராட்டுவேன். முன்னைய படியில் ஒரு அளவை மாற்றினால் பின்னைய படிகள் குலைந்துபோகும் நெடுநாள் குறையை அது பெருமளவு தணித்திருக்கிறது. காசும் கேட்பதில்லை, இணையமும் கேட்பதில்லை. முகம் சற்றுக் கரடுமுரடானது, பழகிக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் மென்பொருள் விற்பனையாளர் ஒருவர் தன் மடிக்கணினியோடு பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுவரும் காணொளி எதையும் பார்க்கப் போவதில்லை. வேப்பம் பலகைத் துண்டொன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். இணையத்தைத் துண்டித்துவிட்டு, 'கோயில்' என்று யுனிகோடில் தட்டி, எங்கள் இயந்திரத்தில் அவரே செதுக்கிக் காட்டட்டும்.