பால் ஒன்றாம் வகுப்புக்கு முன்பே வர வேண்டும்

குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் பால் கொடுப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது. வரிசையில் நிற்கும் மாணவர்கள், கையில் டம்ளர், அருகில் ஆசிரியர். அந்தத் திட்டங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தோடு கடமை முடிந்தது என்று அரசுகள் நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கருவில் தொடங்கி இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1,000 நாட்களில்தான் உடலும் மூளையும் மிக வேகமாக வளர்கின்றன. வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் போவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். ஐந்து வயதில் டம்ளரை நீட்டினால் பசி அடங்கும், பாடத்தில் கவனம் நிற்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் விட்டுப்போனது முழுதாகத் திரும்பி வருவது அரிது.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் புரிகிறது. அங்கே குழந்தைகள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். தலை எண்ணலாம், ஊற்றலாம், கணக்கு எழுதலாம். ஒன்றரை வயதுக் குழந்தையோ வீட்டில் இருக்கிறது. அதைத் தேடிப் போக ஆள் வேண்டும், இடம் வேண்டும், தினமும் கெடாத பால் வேண்டும். நிர்வாகத்துக்கு வசதியான வயது ஒன்று, குழந்தைக்குத் தேவையான வயது வேறு.

தேடிப் போனவர்கள் இல்லாமல் இல்லை. பிரான்சின் ஃபெக்காம் நகரில் 1894இல் மருத்துவர் லியோன் டுஃபூர், தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்குக் கிருமி நீக்கிய பாலைக் கொடுக்கத் தொடங்கினார். கூடவே குழந்தைகளை எடை பார்த்து, தாய்மாருக்கு ஆலோசனையும் சொன்னார். பிரிட்டன் 1940இல், போரின் நடுவே, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தினம் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) பாலைக் குறைந்த விலையிலும், வசதியற்றவர்களுக்கு இலவசமாகவும் கொடுத்தது. ரஷ்யாவில் 'பால் சமையலறை' என்றே ஓர் அமைப்பு உண்டு. குழந்தை மருத்துவர் சீட்டு எழுதித் தருவார். அதைக் காட்டினால் வயதுக்கேற்பப் பாலோ, கெஃபிர் என்ற புளித்த பாலோ, மென்மையான பால்கட்டியோ கிடைக்கும். மருத்துவரின் கண்ணும் உணவும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருப்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியில் 1930இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பள்ளிக் குழந்தைகள் சுமார் 20,000 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நான்கு மாதம் தினமும் முக்கால் பைன்ட் பால். மறுபாதிக்கு இல்லை. பால் வளர்ச்சிக்கு உதவுகிறதா என்று அறிவதற்கான பெரும் சோதனை அது. பிரித்ததில் ஏற்றத்தாழ்வு தெரிந்தால் சிலரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. முடிவில் பார்த்தால், பால் குடிக்காத பிரிவுக் குழந்தைகள் தொடக்கத்திலேயே உயரமாகவும் எடை கூடியும் இருந்தார்கள். மெலிந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் தம்மையறியாமல் பால் பக்கம் தள்ளியிருக்க வேண்டும் என்று 1931இல் புள்ளியியலாளர் வில்லியம் கோசெட் எழுதினார். சோதனை கெட்டது. அந்த ஆசிரியர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. குழந்தைக்கு எதிரே பாலோடு நிற்கும் மனிதரிடம் 'இவளுக்கு உண்டு, இவனுக்கு இல்லை' என்று பிரிக்கச் சொல்வதே கொடுமை. வருமானச் சான்றிதழ் கேட்கும் ஒவ்வொரு திட்டமும் தன் கடைசி ஊழியரிடம் அதைத்தான் செய்யச் சொல்கிறது. சான்றிதழ் வாங்க அலைய முடியாத தாய்தான் உண்மையில் மிக ஏழை. ஆகவே வயது ஒன்றே தகுதியாக இருக்கட்டும். வசதியுள்ள வீட்டுக் குழந்தையும் குடித்துவிட்டுப் போகட்டும். அந்தச் செலவைவிட, விடுபட்ட குழந்தையின் இழப்பு பெரிது.

'வீட்டுக்குக் கொடுத்தால் பெரியவர்கள் குடித்துவிடுவார்கள்' என்பார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பால் மூன்றாகத்தான் பிரியும். அதைத் திருட்டு என்று சொல்லாமல், அளவைக் கூட்டுங்கள், அல்லது வீட்டுக்கு அருகிலேயே ஊற்றிக் கொடுங்கள். பெரு நாட்டின் லிமாவில் 1984இல் தொடங்கிய 'ஒரு டம்ளர் பால்' திட்டம் இரண்டாவது வழியைக் காட்டியது. தெருக்களில் பெண்களே குழுக்கள் அமைத்துப் பாலைக் காய்ச்சிப் பகிர்ந்தார்கள். அவர்கள் ஊர்வலம் போய்க் கேட்ட பிறகு, 1985இல் அது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. அந்தப் பெண்களின் தலைவர்களில் ஒருவரான மரியா எலேனா மோயானோவை 1992இல் 'ஒளிரும் பாதை' ஆயுதக் குழு கொன்றது. குழந்தைகளின் பாலுக்காக உழைத்த பெண்கள் எவ்வளவு துணிச்சலோடு நின்றார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பால் என்றதும் எச்சரிக்கையும் வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. அந்த மாதங்களில் அரசின் உணவு தாய்க்குப் போக வேண்டும். குழந்தைப் பால்மாவு நிறுவனங்கள் இலவசத் திட்டத்தின் வழியாக நுழைய இடம் தரவே கூடாது. உலக சுகாதார மன்றம் 1981இலேயே அதற்கான விற்பனை நெறிகளை ஏற்றுக்கொண்டது. பசும்பாலை வரம்பின்றிக் கொடுத்தால் இரும்புச்சத்துக் குறையும். நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் பால்பவுடர் நோயைத்தான் கொண்டுவரும். பால் ஒவ்வாத குழந்தைக்கு முட்டையோ பருப்போ மாற்றாகக் கிடைக்க வேண்டும். இவையெல்லாம் திட்டத்தைக் கவனமாக வகுப்பதற்கான காரணங்கள். கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல.

பட்டியல் எங்கே என்று கேட்கும் அதிகாரிகளுக்கு ஒன்று சொல்வேன். தடுப்பூசிப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், தாயின் பெயர் எல்லாம் இருக்கின்றன. ஊசி போடும் அதே செவிலியர் அதே நாளில் பாலுக்கும் பெயரைப் பதிவு செய்யலாம். புதிய விண்ணப்பம் எதற்கு? அடுத்த நிதிநிலை அறிக்கையில் பள்ளிப் பாலுக்கான ஒதுக்கீட்டுக்கு மேலே, மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கென்று தனியாக ஓர் ஒதுக்கீடு வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.